ஆப்பிரிக்க வேட்டைக்கு ‘வைல்ட்கேட்’ தோட்டா என்று பணம் கேட்கும் முகவர்: மதுரை வட்டாரத்தினருக்கு ஓர் எச்சரிக்கை

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, நமீபியாவுக்கு அழைத்துப்போய்க் குடு மான் வேட்டைக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் முகவர் ஒருவர் நம் நகரில் இருக்கிறார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே தனியார் பண்ணைகளில் அனுமதிச் சீட்டோடு அது சட்டப்படியே நடக்கிறது. ஆகவே பயண ஏற்பாட்டில் தவறேதும் இல்லை. பயணக் கட்டணத்துக்கு மேல், ‘உங்களுக்கென்றே செய்த வைல்ட்கேட் தோட்டா, அதற்கேற்ற ரைபிள் வாடகை’ என்று தனியாக ஒரு தொகை வாங்குகிறாரே, மோசடி அங்கேதான் இருக்கிறது. என்னிடம் வாங்கிய தொகை 85,000 ரூபாய்.

எந்தத் தொழிற்சாலையும் தரப்படுத்தி விற்காமல், துப்பாக்கி வினைஞர்கள் தாங்களாக வடிவமைக்கும் தோட்டாவையே வைல்ட்கேட் என்பார்கள். ஏற்கெனவே உள்ள ஒரு தோட்டாவின் உலோகக் கூட்டை எடுத்து, கழுத்தை அகட்டியோ குறுக்கியோ, தோளின் (கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவின்) சாய்வை மாற்றியோ அதைச் செய்கிறார்கள். சில நன்றாக வேலை செய்து பின்னாளில் கடைச்சரக்காகவும் ஆகியிருக்கின்றன: 1922-இல் உருவான .35 வீலனை ரெமிங்டன் நிறுவனம் 1988-இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது; .25-06 அதே நிறுவனத்தின் வழியாக 1969-இல் கடைக்கு வந்தது. இரண்டுமே .30-06 (தேர்ட்டி-நாட்-சிக்ஸ்) என்ற பரவலான ரைபிள் தோட்டாவின் கூட்டிலிருந்து பிறந்தவை. அமெரிக்கரான பி. ஓ. ஆக்லி பரப்பிய ‘இம்ப்ரூவ்டு’ வகையும் இந்தக் குடும்பம்தான். கூட்டின் பக்கச் சரிவைக் குறைத்து, தோளை 40 பாகைக்கு நிமிர்த்திவிட்டால் உள்ளே வெடிமருந்து சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். எனக்கு விற்கப்பட்டது .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு.

“அண்ணே, அந்த நாட்டுச் சட்டப்படி குடு மானுக்குச் சாதாரண தேர்ட்டி-நாட்-சிக்ஸ் பத்தாதுண்ணே, ஸ்பெஷல் லோடு கட்டாயம்” என்று அவர் சொன்னார். இது முழுப்பொய். குடு, ஓரிக்ஸ், ஈலண்டு போன்ற விலங்குகளுக்கு நமீபியாவின் விதி கேட்பது குழல்வாயில் 2,700 ஜூல் ஆற்றல். கடையில் கிடைக்கும் 180 கிரெய்ன் (குண்டின் எடை) .30-06 தோட்டா நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிட்டத்தட்ட 3,900 ஜூலைத் தந்துவிடும். எருமைக்கும் யானைக்கும்தான் 5,400 ஜூல் வேண்டும். அதற்கு இந்த வைல்ட்கேட்டும் போதாது.

பண்ணையில் வேட்டைக்கு முன்பாக ரைபிளைக் குறி பார்த்துச் சரிசெய்யும் இடத்தில்தான் குட்டு உடைந்தது. தோட்டாக்கள் முகவரின் நிறுவனப் பெயர் அச்சிட்ட வெள்ளைப் பெட்டிகளில் இருந்தன. கூட்டின் அடியில் .30-06 என்ற முத்திரை இருந்ததை மட்டும் வைத்து நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கூட்டிலிருந்தே செய்யப்படுவதால் உண்மையான வைல்ட்கேட்டிலும் அதே முத்திரைதான் இருக்கும். சிக்கல் தோளில் இருந்தது. உண்மையிலேயே வடிவமைத்து மருந்து நிரப்பிய தோட்டா என்றால் சுடுவதற்கு முன்பே அதன் தோள் 40 பாகைக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். பெட்டியில் இருந்தவையோ பழைய பதினேழரைப் பாகைச் சரிவோடு, பிரைமரை (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) சுற்றித் தொழிற்சாலையில் பூசிய சிவப்பு அரக்கோடு இருந்தன. கடையில் வாங்கிய சாதாரணத் தோட்டாவைப் பெட்டி மாற்றித் தந்திருக்கிறார்கள்.

இந்த ஏமாற்று எளிதில் பிடிபடாததற்குக் காரணம், இம்ப்ரூவ்டு சேம்பரில் (ரைபிளில் தோட்டா அமரும் அறையில்) சாதாரணத் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பதே. வெடிக்கும் அழுத்தத்தில் கூடு விரிந்து புது வடிவத்தோடு வெளியே விழும். கீழே கிடக்கும் வெற்றுக் கூட்டை மட்டும் எடுத்துப் பார்ப்பவருக்கு வைல்ட்கேட்டையே சுட்டது போலத் தோன்றும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபுக்கு அந்த மயக்கம் கிடையாது. நொடிக்கு 3,000 அடி என்று எழுத்தில் உறுதி தந்த தோட்டா 2,700-ஐக்கூட எட்டவில்லை.

பணம் போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. உடன் வந்த தொழில்முறை வேட்டையாளர் வெற்றுக் கூடுகளை வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, அடித்தட்டுக்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி ஓடிய பளபளப்பான வளையத்தைக் காட்டினார். பிறகு ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, சுவரோரமாக மேலே இழுக்கச் சொன்னார். வளையம் இருந்த அதே இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் இடறியது. இம்ப்ரூவ்டு சேம்பரைச் சாதாரணத் தோட்டாவையும் இறுகப் பிடிக்கும்படி ஒரு மயிரிழை குட்டையாகக் கடைய வேண்டும். இந்த ரைபிளின் சேம்பர் அதைவிட நீண்டுவிட்டதால், ஒவ்வொரு வெடிப்பிலும் கூடு இழுபட்டு அந்த இடத்தில் மெலிந்திருக்கிறது. இன்னும் மெலிந்தால் கூடு இரண்டாகப் பிய்ந்து, எரிந்த மருந்தின் வாயு, குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் வழியாகச் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும். அந்த ரைபிளைத் தொடவே கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். பண்ணையின் சாதாரண .30-06 ரைபிளைத் தனி வாடகைக்கு எடுத்தே வேட்டை முடிந்தது.

ஊர் திரும்பி முகவரிடம் கேட்டபோது பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், நான் இங்கே உரிமத்தோடு வைத்திருக்கும் .315 ரைபிளைக் குறிப்பிட்டு, “உங்க .315-ஐக் கொண்டாங்கண்ணே, இங்கேயே சேம்பரை மாத்தி, தோட்டாவும் அடைச்சுத் தர ஆள் இருக்கு” என்று ஆரம்பித்தார். வைல்ட்கேட் மோகத்தை இப்போது இந்த வழியில்தான் அவர் காசாக்குகிறார் என்று தெரிகிறது. உரிமம் பெறாத ஒருவர் துப்பாக்கியை மாற்றி அமைப்பதும் தோட்டா தயாரிப்பதும் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாம் பிரிவுப்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை ஏழாண்டுக்குக் குறையாத சிறை. தோட்டா வாங்கினால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, உரிமப் புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்துச் சீட்டு வாங்கும் நமக்கு, சேம்பர் மாற்றிய .315-ஐ அங்கே எப்படி நீட்டுவது என்று அவர் யோசித்தாரா தெரியவில்லை.

பதிவுத் தபாலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியும் பதில் வராததால், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எனக்குத் தந்த ரசீதில் ‘சுற்றுலா ஏற்பாட்டுக் கட்டணம்’ என்று மட்டுமே இருக்கிறது, தோட்டா என்ற சொல்லே இல்லை. வேகத்தைக் குறிப்பிட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் இப்போது என் கையிலுள்ள முதன்மைச் சான்று. ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். இனிமேல் புறப்பட இருப்பவர்கள் சுடுவதற்கு முன்பும் பின்பும் தோட்டாவின் தோளையும் பெட்டியையும் அருகருகே வைத்துப் படமெடுத்து, பண்ணைக்காரரிடம் கையெழுத்தோடு ஒரு குறிப்பு வாங்கி வாருங்கள்.