காற்றுக் கூடாரத்தில் கரும்பொருள்: காட்பாடியில் கண்ட நடமாடும் கோளரங்கம்

காட்பாடியில் என் மகள் படிக்கும் பள்ளிக்குச் சென்ற வாரம் வந்த நடமாடும் கோளரங்கத்தில், தலைக்கு 50 ரூபாய் கட்டி, ஒளியை வெளியிடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் கரும்பொருள் பற்றிய காட்சியைப் பார்த்தோம். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் வெளிப்பகுதி, எதிர்பார்த்ததற்கு மாறாக வேகம் குறையாமல் சுற்றுவதை வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் அளந்து வெளியிட்டதையும், கண்ணுக்குத் தெரியாத நிறை அங்கே இருந்தாக வேண்டும் என்ற முடிவுக்கு அது வலுவூட்டியதையும் கூரை முழுக்கச் சுழன்ற படம் அருமையாக விளக்கியது. அந்தப் பத்து நிமிடங்களுக்கே கட்டணம் தகும்.

இருண்ட ஒளியனை மட்டும் அவசரமாக முடித்துவிட்டார்கள். கரும்பொருள் துகள்களுக்கிடையே விசையைக் கடத்தக்கூடும் என்று கருதப்படும், இதுவரை கண்டறியப்படாத துகள் அது. சாதாரண ஒளியனுடன், அதாவது ஒளியின் துகளுடன், அது மிகச் சிறிதளவு கலக்கக்கூடும் என்பதால்தான் ஆய்வுக்கூடங்களில் தேட முடிகிறது. பதிவுக்குரல் அதைக் 'கறுப்பு வெளிச்சம்' என்றதும், பக்கத்திலிருந்த சிறுவன் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான்.

ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருந்தும் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. காற்றடிக்கும் விசிறியின் இரைச்சலில் பாதி விளக்கம் கேட்கவில்லை. வேலூர் வெயிலில் உள்ளே வெந்துபோனோம். காலை முதல் காட்சிக்கே செல்லுங்கள்.