கோன் ஃபில்டர் போட்டால் பிக்கப் கூடுமா? ஸ்விஃப்ட் பெட்ரோலில் பொருத்திப் பார்த்த அனுபவம்

கார் ஆக்சஸரீஸ் கடைகளில் ஏர் ஃபில்டரைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: காரோடு வரும் கம்பெனி ஃபில்டர் எஞ்சினுக்குப் போதிய காற்றை விடுவதில்லை, நாங்கள் தரும் ஃபில்டரைப் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜும் ஏறும். முதல் கார் வாங்கிய இளைஞர்கள் பலர் இந்தப் பேச்சை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக, என்னுடைய 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோலில் கடைகளில் விற்கும் இருவகை ஃபில்டர்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலாவது, கம்பெனி ஏர் கிளீனர் பெட்டிக்குள்ளேயே காகித ஃபில்டருக்குப் பதிலாக உட்காரும், எண்ணெய் தோய்த்த பருத்தி ஃபில்டர். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-இல் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் உலகெங்கும் பெயர்பெற்ற வகை இது. நான் பொருத்தியது அதே முறையில் வேறு ஒரு நிறுவனம் செய்தது. இரண்டாவது, ஏர் கிளீனர் பெட்டியையே கழற்றிவிட்டு, ஓர் அலுமினியக் குழாயின் முனையில் மாட்டும் கூம்பு வடிவ ஃபில்டர். கடைகளில் கோன் ஃபில்டர் கிட் என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இந்த எஞ்சினின் கொள்ளளவு 1197 சிசி. 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) 83 பிஎஸ், அதாவது 83 மெட்ரிக் குதிரைத்திறன், சக்தி தருவது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் கொள்ளளவு முழுவதையும் நிரப்பிக்கொள்ளும் என்பதால், அந்த வேகத்தில் அது இழுக்கும் காற்று அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 லிட்டர், அதாவது நொடிக்கு 60 லிட்டர். இவ்வளவு காற்றையும் கம்பெனி ஃபில்டர் தடையில்லாமல் விடுகிறதா என்பதை எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ கருவி இல்லாமலேயே ஓரளவு அளந்துவிடலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைக்க உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகினால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் கைபேசியில் தெரியும். சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தபோது 96 கிலோபாஸ்கல் காட்டியது. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையின் காற்றழுத்தம் அதுதான். பிறகு போக்குவரத்து இல்லாத நேரத்தில் பைபாஸில், இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து 6000 ஆர்பிஎம்மை நெருங்கும்போது உடன் வந்தவரைப் பார்க்கச் சொன்னேன். புதிய காகித ஃபில்டரோடு 94.

இந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபில்டர், குழாய், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் வால்வு எல்லாம் சேர்ந்து ஏற்படுத்தும் தடை மொத்தமே இரண்டு கிலோபாஸ்கல். உலகத்திலேயே சிறந்த ஃபில்டரைப் போட்டு அந்தத் தடையை அடியோடு நீக்கிவிட்டாலும், எஞ்சினுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் காற்று நூற்றுக்கு இரண்டு பங்கு. 83 பிஎஸ்ஸில் அது இரண்டுக்கும் குறைவு. பருத்தி ஃபில்டரோடும் அதே 94 தான் வந்தது. கோன் ஃபில்டரோடு 94-க்கும் 95-க்கும் இடையே மாறிக்கொண்டிருந்தது. ஒரு கிலோபாஸ்கல் என்பது அந்தக் கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம். கிட் விளம்பரங்களில் பத்து, பதினைந்து குதிரைத்திறன் கூடும் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இந்த அளவு எஞ்சினில் அது எங்கிருந்து வரும் என்ற கேள்வியை வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். டைனோ அறிக்கையைக் காட்டினாலும் கவனம் தேவை. எஸ்ஏஇ ஜே1349 என்ற அளவீட்டு முறை, ஓட்டிப் பார்த்த நாளின் நிலையை 25 டிகிரி வெப்பத்துக்கும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்துக்கும் கணக்கிட்டுத் திருத்துகிறது. அந்தத் திருத்தம் இல்லாமல், காலையில் ஓர் ஓட்டமும் உச்சி வெயிலில் ஓர் ஓட்டமும் எடுத்தால், ஃபில்டரைத் தொடாமலேயே சக்தி கூடியதாகவோ குறைந்ததாகவோ காட்டிவிட முடியும்.

சக்தியைத் தீர்மானிப்பதில் காற்றின் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. கோன் ஃபில்டர் தோற்றுப்போவது இங்கேதான். கம்பெனி ஏர் கிளீனர் பெட்டி வெறும் பிளாஸ்டிக் டப்பா அல்ல. அதன் மூக்குக் குழாய் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது, பெட்டியின் சுவர் எஞ்சின் சூட்டைத் தடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் திறந்தபடி ஒரு கோனை வைத்தால், ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்றைத்தான் எஞ்சின் இழுக்கிறது. காந்திபுரம் சிக்னலில் பகல் நேரத்தில் காத்திருந்தபோது, கம்பெனி பெட்டியோடு 42 டிகிரி அளவில் நின்ற இன்டேக் வெப்பம், கோன் ஃபில்டரோடு 65 டிகிரியைத் தொட்டது. காற்று சூடேறினால் விரிந்து லேசாகிவிடும். ஏறத்தாழ மூன்று டிகிரிக்கு ஒரு சதவீதம் அடர்த்தி குறையும். கணக்குப்படி 42-லிருந்து 65-க்குப் போனால் ஏழு சதவீதம் காற்று நஷ்டம். இது போதாதென்று, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே பற்றிக்கொண்டு தட்டுவது) வராமலிருக்க, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, பெட்ரோலைப் பற்றவைக்கும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளும். வண்டி வேகமெடுத்து ஓடும்போது இந்த வித்தியாசம் ஐந்தாறு டிகிரியாகச் சுருங்குகிறது என்பது உண்மைதான். அப்போதும்கூட, தடையைக் குறைத்துக் கிடைத்த ஒரு சதவீதத்தை வெப்பம் இரண்டு சதவீதமாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் போட்டவர்கள் எல்லோரும் பிக்கப் கூடிவிட்டதாக ஏன் சொல்கிறார்கள்? சத்தம்தான் காரணம். இன்டேக் சத்தத்தை அடக்குவதற்காகவே கம்பெனி பெட்டியோடு ரெசனேட்டர் அறை வைக்கப்படுகிறது. அது போய்விட்டதும், ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் எழுகிறது. கேட்க எனக்கும் பிடித்திருந்தது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் தவறே இல்லை. சத்தத்தைச் சக்தி என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மைலேஜ் விஷயத்தை விரைவாகவே முடித்துவிடலாம். சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் பாதிகூடத் திறப்பதில்லை. காற்றை மறிப்பது த்ராட்டில்தானே தவிர ஃபில்டர் அல்ல. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே ஈசியூ பெட்ரோலைத் தெளிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டர் நன்றாக அடைத்துக்கொண்டபோதும் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. வேகமெடுக்கும் திறன் மட்டும் குறைந்தது.

எனக்கு அதிகக் கவலை தந்தது தூசி. பல்லடம், சூலூர் பக்கம் கிரஷர் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுபவர்களுக்கு எந்தத் தூசியைச் சொல்கிறேன் என்று தெரியும். கோன் கிட்டைக் கழற்றியபோது, ஃபில்டருக்கு அப்பால், சுத்தமாக இருக்க வேண்டிய குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் செம்பழுப்பு நிறத்தில் நெறுநெறுவென்று மணல் பொடி ஒட்டியது. காகித ஃபில்டர் இருந்த காலத்தில் அதே இடத்தைத் துடைத்தால் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். அந்தப் பொடி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். பருத்தி ஃபில்டர் இந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் கழுவிய பிறகு எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய கம்பியின் மேல் எண்ணெய் படிந்து அளவு தவறிப்போகும். விலையோ காகித ஃபில்டரைப் போல் பத்து மடங்குக்குக் குறையாது.

வெப்பப் பிரச்சினைக்குத் தீர்வு என்று, கோனை பம்பருக்குள் தாழ்வாக இறக்கி வைக்கும் கிட்டுகளும் உண்டு. அவை குளிர்ந்த காற்றைத் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கினால் அதே குழாய் தண்ணீரையும் இழுத்துவிடும். தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்து எஞ்சின் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்காவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். வாரண்டி முடியாத வண்டிகளில் இத்தகைய மாற்றங்களைக் காரணம் காட்டி சர்வீஸ் சென்டர் மறுப்பதற்கும் இடமிருக்கிறது.

இன்டேக் மாற்றத்துக்குப் பயன் உள்ள இடங்கள் இல்லாமல் இல்லை. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தய வண்டிகளைப் போல, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், புகைக்குழாயான எக்ஸாஸ்ட், ஈசியூவில் உள்ள அமைப்பான மேப் எல்லாவற்றையும் மாற்றி அதிக ஆர்பிஎம்மில் ஓட்டும் எஞ்சினுக்குக் காற்றுத் தேவை கூடுகிறது. அங்கே கம்பெனி பெட்டி உண்மையிலேயே தடையாகும். டர்போ எஞ்சினின் ஈசியூ அமைப்பை மாற்றி (ரீமேப் செய்து), டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தமான பூஸ்டை ஏற்றியவர்களுக்கும் அப்படியே. ரீமேப் செய்யாத டர்போவில், ஈசியூ தனக்கு விதித்த டார்க் (சுழற்றும் விசை) அளவைத் தாண்ட விடாது என்பதால் பெரிய பலன் இருக்காது.

இப்போது என் வண்டியில் இருப்பது சில நூறு ரூபாய் காகித ஃபில்டர்தான். கம்பெனி உதிரிபாகக் கடையில் வாங்கும்போது சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு சீராக, மடங்காமல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். போலி ஃபில்டர்களில் முதலில் தளர்வது அந்த விளிம்புதான். சர்வீஸின்போது கம்ப்ரஸர் காற்றை அடித்து அதையே திரும்பப் போடச் சொல்லாதீர்கள், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பழையதைக் கழற்றியதும் பெட்டியின் அடியில் தேங்கிய மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதியதைப் பொருத்தி, கிளிப்புகள் எல்லாம் இறுகப் பிடித்திருக்கின்றனவா என்று நின்று பார்த்து வாங்குங்கள்.