ரோமத்தை வழித்துவிட்டுப் போர்வை விற்கிறார்கள்: கொடைக்கானலில் எனக்கு நடந்தது

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ மட்டக்குதிரை வைத்திருக்கிறவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்ததும் கீழேயிருந்து வேனில் ஏறிவந்து, "குளிருக்குக் குதிரையை ரெடி பண்ணித் தர்றோம்" என்று லாயம் லாயமாகக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். போன வருடம் அப்படி வந்த ஒருவரை நம்பி 16,400 ரூபாய் கொடுத்தேன். பணத்தைக்கூட விட்டுத்தள்ளலாம். எங்கள் பவளம் ஒரு ராத்திரி முழுக்க நனைந்த உடம்போடு நின்று நடுங்கியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

எங்களிடம் இரண்டு குதிரைகள். பவளத்துக்குப் பதினான்கு வயது, அப்பா காலத்திலிருந்தே ஏரிக்கரையில் சவாரிக்கு வருகிறவள். சின்னானுக்கு ஐந்து வயது, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கியது. இரண்டும் 48 அங்குல உயரத்துக்குள்தான். டிசம்பரும் ஜனவரியும்தான் எங்களுக்குச் சம்பாத்தியம். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை வருகிற கூட்டத்தை வைத்துத்தான் வருடத்தின் பாதித் தீவனச் செலவை ஈடுகட்டுவோம். அந்த ஆளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

வந்ததும் பவளத்தின் கழுத்து ரோமத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "அண்ணே, முடி இப்படிச் சடை விட்டா சீக்குக் குதிரை மாதிரி தெரியும். எவன் ஏறுவான்? உண்ணி, அழுக்கு எல்லாம் இதுலதான் தங்குது. மெஷின் போட்டு வழிச்சுட்டு நம்ம போர்வையைப் போட்டுட்டீங்கன்னா ரேஸ் குதிரை கணக்கா நிக்கும்." போனில் வெளிநாட்டு லாயங்களின் படங்களையும் காட்டினார். வழவழவென்று ஒட்ட வெட்டிய குதிரைகள், மேலே அழகான போர்வைகள்.

அந்தப் படங்கள் நிஜம். நான் ஏமாந்தது அங்கேதான். குளிர்நாடுகளில் குதிரை ரோமத்தை வெட்டுகிறார்கள், ஆனால் அது தினமும் ஓடி வியர்வையில் குளிக்கிற குதிரைகளுக்கு. வியர்த்த ரோமம் குளிரில் காயாது என்பதால் வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு அதை மூடிய லாயத்தில் கட்டி, வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி போர்வை மாற்ற ஆள் இருக்கும். எங்கள் குதிரைகள் ஏரியைச் சுற்றி நடக்கின்றன, அவ்வளவுதான். டிசம்பரில் அவற்றுக்கு வியர்ப்பதே அபூர்வம்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, அது போட்டிருக்கிற சட்டையைக் கழட்டிட்டு வேற சட்டை விக்கிறான், நீயும் காசு குடுக்கிறியா?" என்றார். நான் கேட்கவில்லை. வழிக்கிற கூலி குதிரைக்கு 1,200, போர்வை ஒன்று 5,500, பிறகு "சூட்டு மாவு" என்று ஒன்று கிலோ 300 ரூபாய்க்கு 10 கிலோ. ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "நாளைக்கு வாட்ஸ்அப்ல போட்டு விடுறேன்ணே" என்றார்.

கொடைக்கானலுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. உறைபனி அதற்குப் பிறகு, டிசம்பர் கடைசியில், பள்ளமான புல்வெளிகளில் படியும். குதிரைக்கு முதல் ஆபத்து பனி இல்லை, ஈரம். இதை மலையில் பிறந்த நானே மறந்துவிட்டேன். நவம்பர் நடுவில் இரண்டு நாள் விடாமல் மழை, கூடவே காற்று. இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு அப்பா எழுப்பினார். பவளம் சுவரோரமாக வாலை ஒடுக்கிக்கொண்டு நின்றாள், தொடைச்சதை துடித்துக்கொண்டிருந்தது. போர்வைக்குள் கையை விட்டேன். சொதசொதவென்று ஈரம். வெளியே தண்ணீர் ஊற்றியது போலவே உள்ளேயும். போர்வையை உருவி எடுத்தால், ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம்.

அப்பாதான் காப்பாற்றினார். சணல் சாக்கால் உடம்பை அழுத்தித் துடைத்தார். பிறகு காய்ந்த வைக்கோலை முதுகு முழுக்க ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் இரண்டு சாக்கைப் போட்டு வயிற்றைச் சுற்றிக் கட்டினார். வைக்கோல் நடுவில் காற்று ஓடும், ஈரம் மேலே ஏறிச் சாக்குக்கு வந்துவிடும், உடம்பு காய்ந்துவிடும். போர்வை வாங்க வழியில்லாத காலத்தில் எல்லாரும் இதைத்தான் செய்தார்களாம். நான் வாளியில் வெந்நீரைக் கலந்து வெதுவெதுப்பாக வைத்தேன், முன்னால் காய்ந்த புல்லைப் போட்டோம். ஏழு மணிக்கு நடுக்கம் நின்றது.

காலையில் கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா வந்து பார்த்தார். வேறு யாரும் இப்படித் தெளிவாக எனக்குச் சொன்னதில்லை, அதனால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பகல் குறுகக் குறுகக் குதிரைக்கு ரோமம் அடர்ந்து வளரும். குளிரடித்தால் அந்த ரோமம் சிலிர்த்து நிற்கும், அதற்குள் அடைபடுகிற காற்றுதான் கம்பளி. ரோமம் நன்றாக வளர்ந்து, உடம்பும் காய்ந்திருந்தால், சுழியத்துக்கும் கீழே பல டிகிரி வரை குதிரை தாங்கும். வழித்த குதிரைக்கோ நனைந்த குதிரைக்கோ 5 டிகிரியிலேயே கஷ்டம் தொடங்கிவிடும். கொடைக்கானல் குளிருக்குத் திடமான மட்டக்குதிரைக்குப் போர்வையே தேவையில்லை. கிழடு, மெலிந்தது, நோயில் கிடந்து எழுந்தது, இவற்றுக்குத்தான் வேண்டும். பவளத்துக்கு அவள் ரோமமே போதுமானதாக இருந்தது. அதை நான் காசு கொடுத்து எடுத்துவிட்டேன். பிறகு கொஞ்சம் முளைத்தது. ஆனால் பழைய அடர்த்தி அந்தக் குளிருக்குள் வரவேயில்லை.

போர்வையைக் காயவைத்துப் பிரித்துப் பார்த்தோம். மேலே "1200 டீனியர், வாட்டர்புரூஃப்" என்று ஒரு ஸ்டிக்கர். டீனியர் என்பது நூலின் தடிமனைச் சொல்கிற அளவு. நனைந்ததும் அதுவே உரிந்து வந்துவிட்டது. உள்ளே மெத்தைக்கு வைக்கிற ஃபோம். முதுகெலும்பு ஓடுகிற இடத்தில் நேராக ஒரு தையல், உள்ளே நாடாவும் ஒட்டவில்லை. தண்ணீர் அந்த ஊசித்துளைகள் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. பெரிய குதிரைக்கான அளவு வேறு. மார்பின் நடுவிலிருந்து பின்புறம் வால் பக்கத்து எலும்பு வரை அளந்தால் எங்கள் குதிரைகளுக்கு 5 அடிப் போர்வை போதும். வந்தது 6 அடிக்கு மேல். பின்னால் இழுத்து இழுத்துச் சின்னானின் தோள்பட்டையில் ரூபாய் அகலத்துக்கு ரோமம் தேய்ந்து புண்ணாகியிருந்தது.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரம்மா உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துவிட்டு, "தவிடும் வெல்லமும்ங்க" என்றார். மட்டக்குதிரைக்கு இனிப்பும் மாவும் அளவு மீறினால் குளம்புக்குள் வீக்கம் கண்டு காலையே ஊன்ற முடியாமல் போகும். அன்றே நிறுத்தினோம்.

குதிரைக்குச் சூடு கொடுப்பது மாவு இல்லை, நார். புல்லும் வைக்கோலும் பெருங்குடலில் கிடந்து புளிக்கும்போது வருகிற சூடுதான் ராத்திரி முழுக்க உள்ளே எரிகிற அடுப்பு. கொள்ளு உடம்புக்குப் பலம் தரும், ஆனால் இந்தச் சூட்டை நார்தான் நின்று தரும். இந்த வருடம் ஆவணியிலேயே எடையிலிருந்து ஆரம்பித்தோம். நெஞ்சுச் சுற்றளவையும் உடம்பு நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வரும். பவளத்துக்குச் சுற்று 140, நீளம் 125. கணக்குப்படி 206 கிலோ. எடையில் நூற்றுக்கு இரண்டு என்று பார்த்தால் ஒரு நாளைக்கு 4 கிலோ காய்ந்த தீவனம், மழையும் குளிரும் சேர்ந்த நாளில் அதற்கும் மேல். அதில் பெரிய பங்கை ராத்திரிக்கு வைக்கிறோம். பூஞ்சை வாடை அடிக்கிற கட்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், இருமல் அங்கிருந்துதான் வரும்.

பவளத்தின் கடைவாயில் பற்கள் ஊசியாகக் கூர்ந்திருந்தன. டாக்டரம்மா ராவிவிட்டார். மெல்ல முடியாத குதிரைக்கு எத்தனை கட்டுப் புல் போட்டும் பயனில்லை. குடற்புழு மருந்தும் அதே எடைக் கணக்கில்தான். தண்ணீரை மட்டும் யாரும் அசட்டை செய்யாதீர்கள். ஐஸ் போலத் தண்ணீர் இருந்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். காய்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும், அது உயிரையே எடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பாக வையுங்கள், பக்கத்தில் ஒரு உப்புக்கட்டி இருக்கட்டும். குளிருக்குப் பயந்து லாயத்தின் நாலு பக்கமும் தார்ப்பாய் போட்டு அடைக்கவும் கூடாது. மூத்திர நெடி தேங்கி நெஞ்சைப் பிடிக்கும். கூரை ஒழுகாமல், காற்று வருகிற பக்கம் சுவர் இருந்து, மேலே ஒரு முழம் திறந்திருந்தால் போதும்.

பவளத்துக்கு இருமல் விட ஐந்து வாரம் ஆயிற்று. அவள் உடம்பு தேறுவதற்குள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டும் போயின. சின்னான் மட்டும் புண் ஆறியபின் வந்தான்.

அந்த ஆளுக்குப் படங்களோடு செய்தி அனுப்பினேன். "நீங்க சரியாக் கட்டலண்ணே" என்று ஒரு பதில். இரண்டாவது செய்திக்கு நீலக்குறி விழுந்தது. மூன்றாவது போகவேயில்லை, பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். குதிரையை வைத்துத் தொழில் செய்கிறவன் நுகர்வோரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கும் பொருளும் 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. நாம் வசிக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் திண்டுக்கல்லில் போட்டிருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டு, இந்த மூன்றையும்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன வாங்கினாலும் பில் கைக்கு வரும்முன் பணத்தை அனுப்பாதீர்கள்.

இந்த ஐப்பசியிலும் அதே மாதிரி வேன் மேலே வந்ததாகச் சவாரிக்காரத் தம்பி ஒருவன் சொன்னான். உங்கள் லாயத்துக்கும் வந்தால் மெஷினை எடுக்கவே விடாதீர்கள். போர்வை நிஜமாகவே தேவைப்படுகிற குதிரை இருந்தால், வாங்கும்முன் போர்வையை வாளியின் வாயில் குழிவாகப் போட்டு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டு, அடியில் கைவைத்துப் பாருங்கள். தையல் விழுந்த இடத்தைத்தான் குழியில் வைக்க வேண்டும். நல்ல சரக்கு என்றால் அந்த அரைமணி நேரம் அவர் காத்திருக்கட்டும். எங்களுக்கு விற்ற இரண்டு போர்வைகளும் மனுவுக்குச் சாட்சியாகக் கொட்டகையில்தான் தொங்குகின்றன. ஏரிப்பக்கம் வருகிற குதிரைக்காரர்கள் யார் கேட்டாலும் இறக்கிக் காட்டுகிறேன்.