புது சிலிண்டர்: பொத்திப் பொத்தி ஓட்டுவதா, அழுத்தி ஓட்டுவதா?

புது பைக் மாதிரி, புது சிலிண்டர் போட்ட விமான பிஸ்டன் எஞ்சினையும் மெதுவாகவே ஓட்டத்தான் மனசு சொல்லும். இங்கே அது தப்பு. பவரைக் குறைத்தால் சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தமும் குறையும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு நன்றாக உரசாது. ஹோனிங், அதாவது சுவரைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கும் வேலை, போட்ட குறுக்குக் கோடுகளில் ஆயில் கருகி, கண்ணாடி மாதிரி வழவழவென்று படியும். அப்புறம் ரிங் சுவரோடு பொருந்தி உட்காரவே உட்காராது. சிலிண்டரைக் கழற்றி மறுபடி ஹோனிங்தான்.

என் வாக்கு 75 சதவீத பவருக்கு. சூடு கூடும், சரி. அதற்குத்தான் கௌல் ஃபிளாப்பை (எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றைக் கூட்டும் மடிப்புக் கதவு) திறந்து, எரிபொருள் கலவையை ரிச்சாக, அதாவது எரிபொருள் கூடுதலாக, வைத்து, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி ஏறுவது. தரையில் எஞ்சினை ஓடவிடும் நேரத்தையும் குறைக்க வேண்டும். ரிங் உட்கார்ந்ததும் சிலிண்டர் ஹெட் சூடு தானாக இறங்கும். ஆயில் குடிப்பதும் ஒரே அளவில் நிற்கும்.