ஸ்பேசர்: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி, நுரையீரல் நாளடைவில் சேதமாகும் நோய்). இன்ஹேலர் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னதால் இன்ஹேலரில் பொருத்தும் இந்த ஸ்பேசரை வாங்கினோம், பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் வால்வு, அவ்வளவுதான், ஆனால் அமுக்குவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற தொல்லை ஒழிந்தது. வேகமாக இழுத்தால் விசில் சத்தம் வரும். அப்பாவுக்கு அது வாத்தியார் மாதிரி, கேட்டதும் நிதானமாகிவிடுவார்.

குறை என்றால் கழுவுவதுதான். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். நான் முதல் வாரம் பளபளவென்று துடைத்து வைத்தேன், அப்புறம்தான் தெரிந்தது, துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து உள்சுவரிலேயே ஒட்டிவிடுமாம்.

இது நுரையீரலைச் சரிசெய்துவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். இன்ஹேலர் வழியே உள்ளே போகும் ஸ்டீராய்டு மருந்து அழற்சியைத்தான் குறைக்கும், அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை: ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் பலன் அதிகம், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணு வகை அழற்சி லேசில் மசியாது. அந்த நியூட்ரோஃபில் கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி அரித்த காற்றறைச் சுவரைத் திரும்பக் கட்டும் மருந்து இன்னும் வரவில்லை. 2024-இல் அமெரிக்காவில் சிஓபிடிக்கு அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசிகூட ஈசினோஃபில் வகைக்குத்தான்.

சரி, ஸ்பேசர் இருக்கிறதே என்று, மருந்து எடுத்த பிறகு வாய் கொப்பளிக்காமல் விட்டுவிடாதீர்கள். நாங்கள் சில வாரம் அசட்டையாக இருந்ததில் அப்பா நாக்கில் வெள்ளை (பூஞ்சைத் தொற்று) படிந்துவிட்டது.