வேபேக் மெஷின்: பக்கம் கிடைக்கும், பட்டன் வேலை செய்யாது

பழைய சுட்டி ஒன்றைச் சொடுக்கி, "404, பக்கம் இல்லை" என்று வந்ததும் சரி போகட்டும் என்று விட்டுவிடுகிறவர்தான் நீங்களும் என்றால் இதைப் படியுங்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் எங்கேயோ ஒரு பிரதியாக இருக்கிறது. அந்த எங்கேயோ என்பதன் பெயர் வேபேக் மெஷின். பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், வேலைக்கும் சரி, வெட்டியாகப் பழைய தளங்களை மேய்வதற்கும் சரி. இதை வானளாவப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு "ஒன்றும் வரவில்லையே" என்று மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே இது எதைச் சேமிக்கிறது, எதைச் சேமிக்காது என்று தெரியாமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் அடிப்படை. சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு இதை நடத்துகிறது. ப்ரூஸ்டர் கேல் 1996-ல் தொடங்கியது. அன்றிலிருந்தே வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்து அடுக்கிக்கொண்டு வந்தார்கள், பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டது 2001 அக்டோபரில். 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டுவிட்டதாகக் கொண்டாடினார்கள். பழைய சர்ச் கட்டடம் ஒன்றை வாங்கி அதில்தான் அலுவலகம் வைத்திருக்கிறார்கள், வழிபாட்டுக் கூடத்தில், இந்த அமைப்பில் நீண்டகாலம் வேலை பார்த்தவர்களின் சின்னச் சின்ன மண் சிலைகள் நிற்கின்றன, பக்கத்திலேயே சர்வர்கள் மினுங்கிக்கொண்டிருக்கின்றன. (படம் தேடிப் பாருங்கள், கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.) காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, பார்ப்பதற்கு லாகின்கூட வேண்டாம். நன்கொடை கேட்டு ஒரு பட்டை மேலே வரும், அவ்வளவுதான்.

பயன்படுத்துவது எளிது. முகவரியைப் பெட்டியில் ஒட்டினால் மேலே வருட வரிசை வரும், ஒரு வருடத்தைத் தொட்டால் கீழே காலண்டர். பிரதி எடுத்த தேதிகள் மேல் வட்டம் இருக்கும். அந்த வட்டத்தின் நிறத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. நீலம் என்றால் பக்கம் ஒழுங்காக வந்திருக்கிறது. பச்சை என்றால் அந்த முகவரி வேறொரு முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆரஞ்சு என்றால் அன்றைக்கே பக்கம் இல்லை, நாம் பார்க்கும் அதே 404 வகைப் பிழையைத்தான் அதுவும் பத்திரமாகச் சேமித்திருக்கிறது. சிவப்பு என்றால் தளத்தின் சர்வரே தடுமாறியிருக்கிறது. ஆரஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இதுவும் இல்லை" என்று கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். நீலத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று, பிரதியின் முகவரிக்குள் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அது வெறும் எண் இல்லை, வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. 20080315193000 என்றால் 2008 மார்ச் 15, இரவு ஏழரை மணி. ஆனால் அது உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், ஆக நமக்கு அது மார்ச் 16 நள்ளிரவு ஒரு மணி. என்றைக்கு விளம்பரத்தை மாற்றினார்கள் என்று யாரோடாவது வாக்குவாதம் வந்தால் இந்த ஒரு நாள் வித்தியாசமே தலைவலி ஆகிவிடும்.

எனக்கு அப்படி ஒரு வாக்குவாதம் வந்தது. அக்கா மகன் ஒரு மென்பொருள் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். சேரும்போது தளத்தில் "வேலை கிடைக்காவிட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படிப்பு முடிந்து, வேலை கிடைக்காமல், பணம் கேட்கப் போனபோது அந்த வரி "வேலைவாய்ப்புக்கு உதவி செய்யப்படும்" என்று மாறியிருந்தது. "நாங்கள் அப்படிப் போடவே இல்லையே தம்பி" என்று வரவேற்பில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். "மாமா, நான் பார்த்தேன் மாமா" என்று இவன் என்னிடம் வந்து நின்றான். வேபேக்கில் போட்டேன், அவன் சேர்ந்த மாதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நீல வட்டம், அந்தக் கொட்டை எழுத்து அப்படியே இருந்தது. ஆனால் அதற்குக் கீழே "விதிமுறைகள்" என்று ஒரு பட்டை, அதைத் தொட்டால் விரிய வேண்டும். எத்தனை தடவை தட்டினாலும் விரியவில்லை. கடைசியில் கணினியில் அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து தேடினேன், விதிமுறைகள் முழுக்க அங்கே கிடந்தன. விரிக்கிற ஸ்கிரிப்ட் மட்டும்தான் பிரதியில் சேரவில்லை. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். முழுப் பணமும் வரவில்லை, பாதிக்கு மேல் வந்தது.

இந்தப் பொருளின் பலமும் பலவீனமும் அந்த விரியாத பட்டையிலேயே இருக்கிறது. வேபேக் செய்வது என்ன? அதன் க்ராலர், அதாவது தளம் தளமாகத் தானே சுற்றும் நிரல், ஒரு தளத்தின் கதவைத் தட்டும், சர்வர் என்ன அனுப்புகிறதோ அதை வாங்கி வைத்துக்கொள்ளும், அதில் உள்ள சுட்டிகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போகும். எழுத்து, படம், வடிவமைப்புக் கோப்பு, ஸ்கிரிப்ட் என்று கைக்கு வந்ததெல்லாம் சேரும். ஆனால் சர்வருக்குள்ளே இருக்கும் தரவுத்தளமும், நாம் ஒன்றைக் கேட்டால் அது கணக்குப் போட்டுத் திருப்பிச் சொல்லும் வேலையும் வெளியே வருவதே இல்லை. அதனால் பழைய தளத்தின் தேடல் பெட்டி தெரியும், தேடாது. வாக்கெடுப்பு தெரியும், ஓட்டுப் போட முடியாது. பழைய முன்பதிவுத் தளத்தில் ஊர்ப் பெயர்ப் பட்டியல்கூட விரியலாம், "தேடு" என்று அழுத்தினால் முடிந்தது கதை. வீட்டின் போட்டோவில் இருக்கும் குழாயைத் திருகினால் தண்ணீர் வருமா?

இதில் ஒரு வேடிக்கை, 1998-ல் யாரோ கையால் எழுதிய சாதாரணப் பக்கம் இன்று அச்சு அசலாகத் திறக்கும், 2016-ல் லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய தளம் வெள்ளைத் திரையாக நிற்கும். பழையதில் எழுத்து பக்கத்துக்குள்ளேயே இருந்தது. புதியதில் முதலில் வருவது காலிக் கூடு, உள்ளடக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் அப்புறம் தனியாகப் போய் வாங்கி வரும். அந்தத் தனிப் பயணத்தை க்ராலர் பின்தொடர்ந்திருந்தால் தப்பித்தோம், இல்லாவிட்டால் கூடு மட்டும்தான். ஃப்ளாஷ் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்த விளையாட்டுகளுக்கு மட்டும் விதிவிலக்காக ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2020 முடிவில் அடோபி ஃப்ளாஷை நிறுத்துவதற்குச் சற்று முன்பே ஃப்ளாஷ் இல்லாமலே அதன் வேலையைச் செய்யும் ரஃபிள் என்ற எமுலேட்டரைச் சேர்த்து, இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் பழைய ஃப்ளாஷ் அனிமேஷன்களும் விளையாட்டுகளும் பிரவுசரிலேயே ஓடும்படி செய்துவிட்டார்கள். எல்லாம் ஓடாது, ஓடுகிறவை நன்றாகவே ஓடுகின்றன.

லாகினுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் இதன் கைக்கு எட்டாது. வாட்ஸ்அப் குழுக்கள் சுத்தமாக இல்லை, இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். இப்போது மனிதர்கள் அதிகம் பேசிக்கொள்கிற இடங்களே அவைதான் என்று யோசித்தால், லட்சம் கோடி என்ற எண் கொஞ்சம் சிறியதாகத் தெரிகிறது.

அடுத்தது, சாட்சியாகக் காட்டப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. திரையில் ஒரே பக்கமாகத் தெரிவது ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்தின் எழுத்து மார்ச்சில், அதிலுள்ள படம் ஜூலையில், வடிவமைப்புக் கோப்பு அடுத்த வருடம் என்று வெவ்வேறு நேரத்தில் எடுத்ததை ஒட்டுப்போட்டுத்தான் காட்டும். மேல் பட்டையில் "அபௌட் திஸ் கேப்சர்" என்று இருப்பதைத் திறந்தால் எந்தத் துண்டு எப்போது எடுத்தது என்று தெரியும். விலைப்பட்டியல் படமாக இருக்கிற பக்கத்தை வைத்து யாரையாவது மடக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி தமிழ்ப் பக்கங்கள். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ்த் தளங்கள் வேபேக்கில் எக்கச்சக்கமாக இருக்கின்றன, யாஹூ 2009 அக்டோபரில் மூடிய ஜியோசிட்டீஸில் தமிழர்கள் கட்டிய சொந்தப் பக்கங்கள் உட்பட. திறந்தால் தமிழே இருக்காது. தளத்துக்குத் தளம் ஒரு எழுத்துரு, எந்த எழுத்துக்கு எந்தக் குறியீடு என்பதில் ஆளுக்கொரு குறியாக்கம் என்று இருந்த காலம் அது. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த பக்கம் என்றால் "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். அன்றைக்குப் பக்கத்தோடு சேர்ந்து தானாக இறங்கிய எழுத்துருக் கோப்புகளை நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஆளுக்கொரு வடிவத்தில் வைத்திருந்தன, இன்றைய பிரவுசர்கள் அவை எதையும் ஏற்பதில்லை. பிரதி கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எழுத்தை நகலெடுத்து பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வர்ட்டரிலோ ஒட்டி, எந்தக் குறியாக்கம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், திடீரென்று ஒன்றில் கட்டுரை முழுதும் தமிழாக வந்து விழும். அந்த நொடிக்காகவே நான் இரவில் உட்கார்ந்திருப்பது உண்டு. தலைப்புகளைப் படமாகப் போட்ட தளங்களில் அந்தப் படம் சேமிக்கப்படாமல் இருந்தால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு தொல்லை, டொமைனைப் புதுப்பிக்காமல் விட்ட பல தளங்களைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைசிப் பிரதியைத் திறந்தால் கேசினோ வரும், பயந்துவிடாமல் வருட வரிசையில் பின்னால் போங்கள்.

நம்பலாமா என்றால், நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். தளத்துக்காரர் கேட்டால் பிரதிகளை நீக்கிவிடுவார்கள், நேற்று இருந்தது இன்று "விலக்கப்பட்டது" என்று வரலாம். 2017 ஆகஸ்டில், திருட்டுப் படங்கள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடுக்கச் சொன்ன 2,600-க்கும் மேற்பட்ட தளங்களோடு இதுவும் சேர்ந்துகொண்டு, இந்தியாவில் திறக்காமல் போனது, பிறகு சரியானது. 2024 அக்டோபரில் ஹேக்கர்கள் புகுந்து 3.1 கோடிக் கணக்குகளின் விவரங்களை எடுத்துப் போனார்கள், சேவையே சில நாள் படுத்துவிட்டது. கணக்குத் தொடங்கினால் வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக வையுங்கள். ரெட்டிட் என்ற விவாதத் தளம், ஏஐ நிறுவனங்கள் வேபேக் வழியாகத் தன் பதிவுகளை அள்ளிக்கொண்டு போகின்றன என்று சொல்லி, 2025-ல் தன் முகப்புப் பக்கத்தைத் தவிர மற்றதை வேபேக் சேமிக்க விடாமல் தடுக்கத் தொடங்கியது. யார் பக்கம் நியாயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அள்ளியவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை, பழைய பதிவைத் தேடி வருகிற சாதாரண ஆள்தான் வெறுங்கையோடு திரும்புகிறான்.

வேகம் சுமார், சில இரவுகளில் சுமாருக்கும் கீழே. மாற்று என்று பார்த்தால் கூகுள், தான் சேமித்த பிரதியைக் காட்டும் கேஷ் சுட்டியை 2024-லேயே எடுத்துவிட்டது, ஆர்க்கைவ் டுடே அப்போதைய பக்கத்தைப் படத்தோடு சேமித்தாலும் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத சேவையை ஆதாரத்துக்கு நம்ப எனக்கு மனம் வருவதில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வெட்டிய ஒன்று மெதுவான தேடலுக்கும், எந்த வட்டம் என்ன என்று புதியவருக்குப் புரியாத முகப்புக்கும். பட்டன் வேலை செய்யாததற்கு வெட்டவில்லை, அது அதன் வேலையே இல்லை.

படிப்பதோடு நிற்காமல் "சேவ் பேஜ் நவ்" பெட்டியையும் பயன்படுத்துங்கள். கல்லூரிக் கட்டண அறிவிப்பு, வீடு கட்டுபவரின் வாக்குறுதி, டெண்டர், தேர்வு விடைக்குறிப்பு என்று பிறகு மாறக்கூடிய எதையும் பார்த்த உடனே போட்டு வையுங்கள். இலவசக் கணக்கில் நுழைந்து போட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள சுட்டிகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம், திரைப்பிடிப்பும் கேட்கலாம். சேமித்ததும் அந்தப் பிரதியைத் திறந்து கடைசிவரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள், எழுத்துக்குப் பதில் சுற்றுகிற வட்டம்தான் உள்ளே இருக்கிறது என்றால் கையோடு பிடிஎஃப் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.