64 ஜிபி பென்டிரைவ் என்று நம்பி 180 வெள்ளியை இழந்தேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் கைப்பேசி பழுதுபார்த்து, கணினிச் சாமான்களும் விற்கும் ஒரு கடையில் கடந்த சனிக்கிழமை 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மற்றவர்களும் அங்கே போய் நிற்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். படிக்கும் என் மகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 போட நினைத்தேன். கணினியை விட்டுச் சென்றால் நான்கு நாள் ஆகும் என்றும், விண்டோஸ் ஏற்றிய 64 ஜிபி பூட்டபிள் பென்டிரைவை (கணினியை அதிலிருந்தே தொடக்கலாம்) வாங்கிச் சென்றால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றும் கடைக்காரர் சொன்னார். பென்டிரைவும், துண்டுத் தாளில் எழுதிய ‘ஒரிஜினல்’ கீயும் (விண்டோஸின் உரிம எண்) சேர்த்து 180 வெள்ளி. நான் தயங்குவதைப் பார்த்து, எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். சொன்னேன். “அண்ணே, எங்க அப்பாவும் அங்கதான் பால்மரம் சீவினாரு. உங்ககிட்ட போய் நான் காசு பார்ப்பேனா?” என்றார். அதற்குப் பிறகு விலை பேசவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. ரசீதுகூடக் கேட்காமல், கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன். அதில் வந்த பெயர் கடையின் பெயரல்ல, யாரோ ஒரு தனியாளின் பெயர் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மகளின் பாடவேலைகளையும், இறந்துபோன என் தாயாரின் படங்களையும் எங்கே பத்திரப்படுத்துவது என்று தொலைபேசியில் அவரிடமே கேட்டேன். “அதே பென்டிரைவுல போடுங்கண்ணே, 64 ஜிபி இருக்கே” என்றார். போட்டேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. பிறகு அவர் சொன்னபடியே கணினி வட்டிலிருந்த பார்டிஷன்களை (கோப்புகள் இருக்கும் பிரிவுகளை) எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் போடத் தொடங்கினால், கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் பிழை காட்டி நின்றது. மூன்று முறை முயன்றும் அதே இடம், அதே பிழை.

ஈப்போவிலிருந்து வந்த என் அக்காள் மகன், பென்டிரைவிலிருந்த கோப்புகளை மீட்க முயன்று தோற்ற பிறகு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலால் அதைச் சோதித்தான். உள்ளே உண்மையாக இருந்தது 3.7 ஜிபி. அதாவது, 4 ஜிபி பென்டிரைவைக் கணினிக்கு 64 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த எல்லைக்கு அப்பால் எழுதுவது எதுவும் தங்காது. பெயர் மட்டும் இருக்கும். விண்டோஸின் பெரிய கோப்பு பாதியில் முறிந்ததும், என் தாயாரின் படங்கள் போனதும் இதனால்தான்.

அவன் அடுத்துச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலை மூட்டியது. “மாமா, இந்தக் கணினிக்கு உள்ளேயிருந்தே இலவசமாக 11-க்கு மாறியிருக்கலாம். கீயும் தேவையில்லை, பழைய உரிமமே போதும்” என்றான். பூட்டபிள் பென்டிரைவுதான் வேண்டுமென்றாலும், மைக்ரோசாஃப்ட் தளத்திலுள்ள கருவி இலவசம்; 8 ஜிபி காலிப் பென்டிரைவ் ஒன்று போதுமாம். அப்படியென்றால் நான் 180 வெள்ளி கொடுத்தது எதற்கு?

திங்கட்கிழமை கடைக்குப் போனால், “முதலாளி வெளியே போயிருக்கிறார்” என்று வேலையாள் சொன்னான்; முதலாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது. செவ்வாய்க்கிழமை ஆள் அகப்பட்டார். கணினி பழையது என்றார். நான் தவறாகச் செருகினேன் என்றார். சப்ளையர் கொடுத்த சரக்கு, தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கடைசியில், விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். சனிக்கிழமை நாலு தடவை வந்த ‘அண்ணே’ அன்று ஒருமுறைகூட அவர் வாயில் வரவில்லை. அதன்பின் என் அழைப்புகளையும் எடுப்பதில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன்; இப்போதைக்கு இவ்வளவுதான். பென்டிரைவ் வாங்கினால் எதையும் ஏற்றும் முன் அதன் முழு அளவையும் சோதியுங்கள். விண்டோஸ் போடும் பென்டிரைவிலேயே உங்கள் கோப்புகளை வைக்காதீர்கள். நகலெடுத்த கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்காமல் எந்தப் பார்டிஷனையும் அழிக்காதீர்கள். ரசீது வாங்குங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் பதிய 5 வெள்ளிதான் கட்டணம். என்னிடம் ரசீது இல்லை. பணம் அனுப்பிய பதிவும் அந்தப் பொய்ப் பென்டிரைவும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு நாளை பாரத்தை நிரப்பப் போகிறேன்.